ஜுரம் வராத உடம்பு

திருவொற்றியூரில் பஸ் ஏறிய மீன்காரப் பெண், காலி அன்னக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டு அம்மாளிடம் சொன்னாள்:

“எங்க வூட்டுக்காரருக்கு ஜுரமே வராதுக்கா. ரத்தம்தான் காட்டிக் குடுக்கும்.”

“இன்னாம்மா சொல்ற?”

“கிட்னி மாத்துன ஒடம்பு. புது கிட்னிய ஒடம்பு தள்ளிடக் கூடாதுன்னு மாத்திர குடுக்கறாங்க. அத்தத் துன்னா, உள்ள கிருமி பூந்தாலும் மேலு சுடாது. போன மாசம் கெளுத்தி முள்ளு கைல கிழிச்சிடிச்சி. ஜுரம் வந்தா பாத்துக்கலாம்னு மஞ்சள அப்பிகினு குந்திகினாரு. நாந்தான் இஸ்துகினு போயி ரத்தம் பாக்க வெச்சேன். சிஆர்பின்னு ஒண்ணு, கிருமி இருந்தா ஏறுமாம். எக்கச்சக்கமா ஏறிகீது.”

“ஐயோ, அப்ப கிட்னி?”

“டாக்டரும் அதுக்குத்தான் பயந்தாரு. வேற டெஸ்டு எடுத்துப் பாத்தாங்க. கிட்னிக்கு ஒண்ணுமே ஆவல. ஊசி போட்டதுல கிருமியும் பூடுச்சி.”

“நல்ல கிட்னிதான். யாரு குடுத்தது?”

காசிமேடு வந்துவிட்டது. அவள் எழுந்து கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“என்னுதுதான்க்கா. அவரு ஒடம்புல அது ஒண்ணுதான் என் பேச்ச கேக்குது.”