பின்னால் உட்கார்ந்திருப்பவள்

விளக்கைக் கொஞ்சம் தணியுங்கள், சொல்கிறேன்.

பகல் இரண்டு மணி. ராத்திரி இல்லை, பகல்தான்... அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் முதுகு சில்லிடுகிறது. தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். தெருக்கோடி வீட்டில் என் சிநேகிதியின் அத்தை மட்டும் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அத்தையின் வேலை. இருபத்தெட்டு வருஷம் அண்ணன் வீட்டில் ஒரு மூலையில் காலம் தள்ளியவர், ஐம்பத்தாறு வயதில் தனி வீடு பார்த்துக்கொண்டு வந்துவிட்டார். அண்ணனுக்கு அது பொறுக்கவில்லை. "ஏதாவது ஒண்ணு ஆகட்டும், அன்னிக்கே மூட்டை கட்டிக் கூட்டிட்டு வந்துடுவேன்" என்று வாரம் தவறாமல் சொல்வார்.

தனியாக இருந்தால் வேலையில் கை ஓடாது, இல்லையா? அதற்காகத் தினமும் இரண்டு மணிக்கு ஐந்து பேர் கேமராவில் கூடுவார்கள். அவரவர் வீடு, அவரவர் வேலை. ஆரம்பத்தில், என்ன செய்யப் போகிறோம் என்று ஆளுக்கு ஒரு வரி. ஒரு மணி நேரம் கழித்து, முடித்தோமா என்று இன்னொரு வரி. நடுவில் பேச்சே கிடையாது. தன் மூஞ்சியைத் தானே பார்க்கப் பிடிக்காமல், திரையில் தன் கட்டத்தின் மேல் அத்தை ஒரு மஞ்சள் சீட்டை ஒட்டிவைத்திருந்தார்.

அன்று மூன்று மணிக்கு, கூட்டத்தை நடத்தும் ஓவியக்காரப் பெண் சொன்னாள்: "அக்கா, உங்க பின்னால உக்காந்து எழுதறவங்க மூணு மாசமா தலையே நிமிரல. அவங்களையும் ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்களேன்."

அத்தை சீட்டைப் பிய்த்தார். திரையில், அவருக்குப் பின்னால், சுவரோரப் பிரம்பு நாற்காலியில் ஒருத்தி குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்... சரக்... சரக்... அப்போதுதான் சீவிய பென்சிலின் வாசனை வேறு. திரும்பினார். நாற்காலியில் துவைத்த துணிதான் கிடந்தது.

போனை எடுத்தார். அண்ணன் எண் வரை விரல் போய்விட்டது. சொன்னால்? சாயங்காலமே வண்டியோடு வந்து நிற்பார். போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். இவ்வளவு அழுத்தமான மனுஷியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் இரண்டு மணி. "பன்னிரண்டாம் அத்தியாயம் திருத்தறேன்" என்றார். பிறகு, திரும்பாமலே, "பின்னால இருக்கறவளும் சொல்லட்டும். என் வீட்ல உக்காந்தா வேலையச் சொல்லிட்டுதான் உக்காரணும்."

பென்சில் நின்றது.

திரையில் நாலு முகமும் வெளுத்தன. ஒரு கட்டம் அணைந்தது... இன்னொன்று... மூன்றாவது... ஓவியக்காரி மட்டும் மிச்சம். "அக்கா, அவங்க எழுந்துட்டாங்க... உங்க கிட்ட வர்றாங்க."

"வரட்டும். நான் எழுந்துக்க மாட்டேன்."

அந்தப் பெண்ணும் போய்விட்டாள். பிடரிக்குப் பின்னால் பென்சில் வாசனை குப்பென்று அடித்தது. அத்தை ஒரு கால்புள்ளியைக்கூட விடவில்லை. மணி மூன்றானதும், "முடிச்சுட்டேன்" என்று வெறும் திரையைப் பார்த்து உரக்கச் சொன்னார். திரும்பினார். யாரும் இல்லை.

கவிழ்ந்தே கிடந்த போன் ஒலித்தது. அண்ணன். குரலில் பழைய அதட்டல் இல்லை. "இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண மாட்டேம்மா. உன்கூடத் தங்கியிருக்கறவங்க இப்பத்தான் உன் போன்லேருந்து பேசினாங்க. இனி அவ அந்த வீட்ட விட்டு எங்கயும் வர மாட்டான்னு சொல்லிட்டாங்க."

"வர மாட்டேன்தான்" என்றார் அத்தை. "ஆனா அதச் சொல்ல அவ யாரு?"

இது நடந்து இரண்டு வருஷம். அத்தை அதே வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் சிநேகிதிக்குக் கல்யாணம். அத்தை வரவில்லை. ஏன் என்று அவளிடம் கேட்டேன்.

"நானே காரை எடுத்துட்டுப் போனேன். கிளம்பித் தயாரா இருந்தாங்க. அவளுக்கெல்லாம் பயப்படறவளா நான், வந்தே தீருவேன்னாங்க." விரலில் புது மோதிரத்தைத் திருகிக்கொண்டாள். "வாசப்படி வரைக்கும் வந்தாங்க... ஆறு தடவை."