திரும்ப டயல் செய்தவள்

மோடத்துக்கு வெக்கை ஆகாது. அதனால் எங்கள் அறையில் மின்விசிறி ஓயாமல் ஓடும், வெயில் வரும் என்று ஜன்னலைத் திறக்கவே மாட்டோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மூச்சு முட்டியது. பிறகு பழகிப்போனது.

அய்யா தாளும் பேனாவும் கொடுத்து, தெரிந்ததை நீயே எழுது, அவசரமில்லை என்றீர்கள். என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பாதி ஆயுள் மூட்டை தூக்குவதிலும் கேபிளுக்குக் குழி வெட்டுவதிலும் போன பிறகுதான் எழுத்து கற்றுக்கொண்டேன். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டீர்கள். அவர் செய்ததை அவர் சொல்லட்டும். என்னைப் பெண்ணைப் பறிகொடுத்தவன் என்று நாற்காலி போட்டு உட்கார வைத்தீர்கள். டீ வரவழைத்தீர்கள். குடித்துவிட்டேன். ஆகவே மீதியையும் சொல்லிவிடுவதுதான் முறை.

நான் வேலை செய்வது ஓர் இன்டர்நெட் கம்பெனியில். மாடியில் ஓர் அறை, சுவர் நெடுக இரும்பு அலமாரி, அதில் வரிசையாக மோடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு போன் இணைப்பு. ஊரில் யாராவது கடையில் இன்டர்நெட் கார்டு வாங்கி, சுரண்டி, அந்த நம்பரை வீட்டுக் கம்ப்யூட்டரில் அடித்து டயல் செய்தால், எங்கள் மோடங்களில் ஒன்று கீச்சென்று கத்திவிட்டு விளக்கேற்றிக்கொள்ளும். சில மோடங்கள் நடுவில் படுத்துக்கொள்ளும். அவற்றின் வயரைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்துத் திரும்பச் சொருக வேண்டும். அதுதான் என் வேலை. குழி வெட்டுவதை எண்ணிப் பார்த்தால் இது உத்தியோகம்.

இன்ஜினியர் தம்பி நல்லவர். ஆரம்பத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கச் சொன்னார்.

"டயல் பண்ணி உள்ள வர்றவங்களுக்கு நாம ஒரு அட்ரஸ் குடுக்கிறோம்ணே. வெறும் நம்பர்தான். அவங்க லைன் துண்டிச்சதும் அந்த நம்பர் அடுத்து வர்றவங்களுக்குப் போயிடும். அவங்களே திரும்ப வந்தாலும் வேற நம்பர்தான். லாட்ஜ்ல ரூம் குடுக்கிற மாதிரி. நேத்து இந்த ரூம்ல இருந்தவர்தானே இன்னிக்கும் இருப்பார்னு கதவத் தட்டினா, செருப்படிதான்."

அன்றிலிருந்து என்னை எல்லோரும் லாட்ஜ் மேனேஜர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

எங்கள் இணைப்பிலிருந்து யாரோ அசிங்கமாகக் கடிதம் அனுப்புகிறார்கள் என்று புகார் வந்தபோது, கண்டுபிடிக்கச் சொல்லி முதலாளி குதித்தார். தம்பி ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து கம்பியோடு கோத்து வைத்தார். அவர்கள் அடிக்க அடிக்க, போவது வருவது எல்லாம் அதன் திரையில் ஓடும். ஆனால் எந்த வீட்டிலிருந்து என்று அது சொல்லாது. கார்டு யார் கையிலும் இருக்கலாம், முகவரியோ ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும். தம்பி கொஞ்ச நாள் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "யார்னே தெரியாம எதப் பாத்து என்னண்ணே பண்றது? அடுத்தவன் வீட்டு ஜன்னல்ல எட்டிப் பாக்கிற பொழப்பு" என்றார். ஆனால் அதை அணைக்கும்படி யாரும் சொல்லவில்லை. நான் தினமும் தூசி தட்டி வைத்தேன்.

நம்முடைய பேச்சைத்தான் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்கள். அந்த எழுத்தையும் கற்றுக்கொண்டேன். செய்தித்தாள் எனக்குக் கடினம், பெரிய பெரிய வார்த்தையாக இருக்கும். இது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல இருந்தது. நடுநடுவே குப்பை எழுத்துகள் ஓடும், அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கிவிட்டுப் படிக்க வேண்டும். பழக்கத்துக்காகத்தான் படித்தேன். புதிதாக எழுத்துக் கூட்டுகிறவன் போகிற பஸ்ஸின் பலகையைப் படிப்பதில்லையா? அப்படித்தான்.

ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு இப்படி ஒரு வரி ஓடியது: 'அம்மாவோட மூட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லு சித்தி. அப்பா வழக்கம்போல மோடம் ரூம்ல லைட் எண்ணிட்டிருப்பார்.'

என் மகள். சித்தி என்றது என் மனைவியின் தங்கையை. அவள் வேறு ஊரில் ஓர் ஆபீசில் வேலை பார்க்கிறாள்.

மகளைக் கட்டிக்கொடுத்தது இதே ஊரில்தான். மாப்பிள்ளைக்குக் குழாய்க் கடை. சரக்குக் கணக்குப் பார்க்க வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தார். போனை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை எடுத்துப் போவார் என்பது அவள் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பெட்டிக்குப் பின்னால் போகிற கம்பி கம்ப்யூட்டருக்கும் போகிறது என்று அவருக்குத் தோன்றவில்லை. மத்தியானம் தூங்கி எழுந்து அவர் கடைக்குத் திரும்பியதும் அவள் டயல் செய்வாள்.

இடது காது மந்தமாகிவிட்டது என்று எழுதியிருந்தாள். படியில் வழுக்கியதாக அம்மாவிடம் சொன்னது பொய் என்று எழுதியிருந்தாள். யாரிடமும் இப்போதைக்குச் சொல்லாதே என்றும் எழுதியிருந்தாள். என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது: 'அப்பாகிட்ட சொல்லிப் பிரயோஜனமில்ல. அவர் தேடிப் பிடிச்ச மாப்பிள்ளை. கண்ணாடிப் பாத்திரம் மாதிரி துடைச்சுத் துடைச்சு வெச்சிருக்கார்.'

கோபம் வரவில்லை. சுருக்கென்றது, அவ்வளவுதான். பெற்றவன் ஒருவன் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். சொல்லத்தான் வழியில்லை.

தினமும் அவளைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். நேற்றைய முகவரி இன்று எவனோ ஒருவனிடம் இருக்கும். நானே ஒரு வழி கண்டேன். மத்தியான நேரத்தில் விளக்கெரியும் மோடங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். மற்றவர்கள் சலித்துக்கொண்டு எழுந்துபோய்விடுவார்கள். என் மகள் மட்டும் உடனே திரும்ப டயல் செய்வாள். உடனே வருகிறவள்தான் அவள். அந்தப் புது முகவரியைப் பிடித்துக்கொண்டு படிப்பேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை.

பிறகு ஒரு நாள் எழுதினாள். 'சித்தி, என்னால முடியல. நீ வண்டி எடுத்துட்டு வா. அவர் சரக்கு எடுக்க வெளியூர் போற அன்னிக்கு.' எந்த நாள் என்று அடிப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். திரும்ப வந்தாள். முதலிலிருந்து எழுதினாள். திரும்பவும் பிடுங்கினேன். அவள் எத்தனை தடவை வந்தாளோ, அத்தனை தடவையும்.

அய்யாவும் பெண்ணைப் பெற்றவராக இருக்கலாம். யோசித்துப் பாருங்கள். பட்டப்பகலில் வண்டி வந்து நிற்கும், தெருவே வாசலுக்கு வரும், அப்புறம் போலீஸ், கோர்ட்டு. நமக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் சந்திக்கு வந்துவிடும். நான் இருக்கும்போது அவள் எதற்குச் சித்தியைக் கூப்பிட வேண்டும்?

அன்று வேலை முடிந்ததும் நேராகக் குழாய்க் கடைக்குப் போனேன்.

"வாங்க மாமா. என்ன இந்தப் பக்கம், வீட்டுல குழாய் ஒழுகுதா?"

"குழாய் நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ளை. வீட்டு விஷயம்தான் வெளிய ஒழுகுது."

சிரித்துக்கொண்டே கேட்டார், "யாருகிட்ட?"

"அவ சித்திகிட்ட. மத்தியானத்துல, உங்க கம்ப்யூட்டர்ல. சின்னப் பொண்ணுதானே, விடுங்க. நீங்களும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க. கைய மட்டும் நீட்டாதீங்க."

எனக்குக் கலர் வாங்கிவரச் சொன்னார். மூடியைத் தன் கையாலேயே திறந்து கொடுத்தார். "நீங்க சொன்னா சரி மாமா. இனிமே அவளால உங்க காதுக்கு ஒரு குறையும் வராது."

மறுநாள் வழக்கம்போல உட்கார்ந்தேன். எரிகிற விளக்குகளையெல்லாம் பிடுங்கிப் பார்த்தேன். யாரும் உடனே திரும்பி வரவில்லை. கீழே போய் டீ குடித்துவிட்டு, வெற்றிலைக் கடைக்காரரோடு கொஞ்சம் பேசிவிட்டு ஏறி வந்தேன். ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. திரையில் வந்த முதல் வார்த்தை 'அப்பா'.

'அப்பா, நான் நல்லா இருக்கேன். நீங்க கவலைப்படாதீங்க. அவர் இன்னிக்கு எனக்குக் காய் நறுக்கிக் குடுத்தார், அவ்வளவும் கோணல்.'

என் மகள் எனக்குக் கடிதம் எழுதியதே கிடையாது. எனக்குப் படிக்க வரும் என்று அவளுக்குத் தெரியுமா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனால் நான் இந்த அறையில் இருப்பது அவளுக்குத் தெரியும். என் கண்ணில் படும் என்றே எழுதுகிறாள் என்று வைத்துக்கொண்டேன். நான் சொன்ன ஒரு சொல்லுக்கு மாப்பிள்ளை இவ்வளவு திருந்தியதில் பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு இவளைத் தேட வேண்டியிருக்கவில்லை. நம்பர் எதுவானாலும் முதல் வார்த்தை 'அப்பா' என்றுதான் வரும். இவளை நான் ஒரு தடவைகூடப் பிடுங்கவில்லை. மோடம் சூடேறினால் மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைப்பேன். பிரஷர் மாத்திரையை மறக்காதீர்கள் என்று எழுதியிருந்தாள். எனக்குப் பிரஷரே கிடையாது. சந்தேகப்பட்டுப் போய்ப் பார்த்தேன். கொஞ்சம் அதிகம்தான் என்றார் டாக்டர். எனக்கே தெரியாதது பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

'குட்டிக்குப் பல் முளைச்சிருக்கு, விரல நீட்டினா கடிக்குது' என்று ஒரு நாள் வந்தது. என் மகளுக்குக் குழந்தை இல்லை. மாடியில் குடியிருப்பவர்களின் குழந்தையாக இருக்கும், பொழுதுபோகத் தூக்கி வைத்துக்கொள்கிறாள் என்று நினைத்தேன். அந்த நேரம் இன்ஜினியர் தம்பி பின்னால் வந்து நின்றார்.

"யாருண்ணே இது?"

"என் பொண்ணு."

"அடப்பாவி, தாத்தா ஆயிட்டீங்களா? மூச்சே விடல. ஸ்வீட் எங்க?"

மறுநாள் ஒரு பெட்டி ஸ்வீட் வாங்கிப்போய் எல்லோருக்கும் கொடுத்தேன். முதலாளிகூட ஒன்று எடுத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவிதான் நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "பொண்ணு குரலக் கேட்டு எவ்வளவு நாளாச்சு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"நல்லா இருக்கா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்து சொன்னாளா?"

"ஆபீசுக்குச் செய்தி வருது. இன்னிக்குக்கூட வந்துச்சு."

"அப்ப நானாவது போறேன்."

"மூட்டுவலிய வெச்சுக்கிட்டு எங்க போற? அங்க போய் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு நின்னா மாப்பிள்ளை என்ன நினைப்பார்?"

நான் சொன்னால் அவள் தட்டமாட்டாள். உட்கார்ந்துவிட்டாள். மச்சினியும் ஆபீசுக்குப் போன் செய்தாள். "அத்தான், அவகிட்ட இருந்து ஒண்ணுமே வரல. எனக்கு மனசே சரியில்ல, கிளம்பி வரட்டுமா?" என்றாள். மகள் இப்போது எனக்குத்தான் எழுதுகிறாள், உனக்கு எழுத நேரமில்லை போல என்றேன். அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். போனை வைத்துவிட்டாள்.

கடைக்குப் பின்னால் மாப்பிள்ளை வைத்திருந்த குழாய்க் கிடங்கின் கதவை உடைத்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பது உங்கள் காகிதத்தில் இருக்கிறது. நான் திரும்ப எழுதவில்லை. காயம் உடனே உயிரை எடுக்கிற காயமில்லை, பூட்டிய பிறகும் பல நாள் உயிரோடு இருந்திருக்கிறாள், யாராவது வந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னார். என் மனைவி அதைக் கேட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

மாப்பிள்ளையிடம் கம்ப்யூட்டர் விஷயத்தைச் சொன்னது யார் என்று நீங்கள் எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான்தான். அவள் கடிதத்தைப் போகவிடாமல் செய்ததும் நான்தான். அவளைத் தேடிப் போக இருந்த இரண்டு பேரைத் தடுத்ததும் நான்தான். இதற்கு என்ன சட்டம் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் மாறிப்போனது எனக்கு எப்போது தெரிந்தது என்று எழுதச் சொல்வீர்கள். ஏமாந்துவிட்டேன் என்று எழுதினால் நம்புவீர்கள். படிப்பறிவு இல்லாதவன், நம்பர் மாறியது புரிந்திருக்காது என்று நீங்களே எனக்காகப் பேசுவீர்கள். அப்படியில்லை அய்யா. முதல் கடிதத்திலேயே தெரியும். பெற்ற மகளின் பேச்சு எனக்குத் தெரியாதா?

என் மகள் எழுதினால் நான் எழுந்து போக வேண்டியிருந்தது. இவள் எழுதினால் உட்கார்ந்து படித்தால் போதும்.