படகு எண்ணெய்

வெயிலில் வந்திருக்கிறீர்கள், முதலில் இந்த மோரைக் குடியுங்கள் அம்மா. உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். நான் போட்ட உப்பு இல்லை, எங்கள் ஊர்க் கிணற்றில் வருகிற உப்பு.

மெக்கானிக் அமீர் ஜானை ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லையாம். அவனை அனுப்பிவிடுங்கள். அவன் கை வைத்த வண்டியில் குறை இருக்காது. அதை நான் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நீங்கள் உட்காருங்கள், நின்றுகொண்டே எழுதினால் இடுப்பு வலிக்கும்.

என் மகன் பூபதி அந்த அம்பாசிடரை எளாவூரில் ஒரு தோட்டத்தில் கண்டுபிடித்துக் கட்டி இழுத்து வந்தான். பின்சீட்டில் கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. டச்சுக்காரர்கள் கல்லறைச் சுவர் ஓரமாக நிறுத்தி, மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினான். கல்லறைத் தூணில் செதுக்கிய எலும்புக்கூட்டைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வருகிறார்கள் அல்லவா, அவர்களைக் கூட்டிவந்து விடுவது அவன் எண்ணம். மருமகள் இந்திராணியின் எண்ணம் இன்னும் தூரம். பொன்னேரியில் குடியிருந்து வாடகைக்கு ஓட்டலாம், ஏரியே வேண்டாம் என்பாள்.

உங்களுக்கு எங்கள் முறை தெரிந்திருக்காது. எந்த வீட்டு வலை என்றைக்கு ஏரியில் எந்த இடத்தில் இறங்கலாம் என்று ஊரில் சீட்டுப் போட்டு எடுப்போம். அதற்குப் பெயர் பாடு. வீட்டு ஆண்பிள்ளை வந்து தன் கையால் சீட்டு எடுக்க வேண்டும். ஊரை விட்டுக் குடி போனால் பெயரை நீக்கிவிடுவார்கள். பெயர் நீங்கிய வீட்டுக்காரி கரையில் நின்று அடுத்த வீட்டு வலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் போன பிறகு அவர் இடத்தில் பூபதி பெயரை ஏற்ற நான் யார் யார் காலில் விழுந்தேன் என்பதை அவனிடம்கூடச் சொன்னதில்லை.

வண்டியில் எல்லாம் சரியாகியும் பிரேக் மட்டும் வழிக்கு வரவில்லை. மிதித்தால் கால் தரை வரை இறங்கும். அமீர் ஜான் ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் பார்த்தான். பின்சக்கரத்தில் சிலிண்டர் கசிந்து பிரேக் ஷூ ஊறிப்போயிருந்தது. அதை மாற்றினான். அப்புறம் குழாயில் அடைந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் மிதிக்க, ஒருவர் அடியில் படுத்துத் திறந்துவிட வேண்டும். பூபதி ஏரிக்குப் போயிருந்ததால் மிதிக்க நான் ஏறினேன்.

“அமுக்கு நாயகிம்மா. அப்டியே புடி. கால எடுத்தன்னா காத்து உள்ள பூந்துக்கும்.”

“இன்னாடா, இந்த வயசுல என்னப் போய் மிதிக்கச் சொல்ற?”

“மருமவள நெனச்சுக்கினு மிதி. அழுத்தம் தானா வரும்.”

அதற்கு முதலில் சிரித்தவள் இந்திராணிதான். “பாத்து அத்தை, உடைஞ்சிரப் போவுது” என்றாள். நல்ல பெண். சிரிக்கத் தெரிந்த பெண்.

சில நாளில் வண்டியின் பிரேக் எண்ணெய் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். வீட்டில் படகு இன்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெய் இருந்தது. எங்களுக்கு எண்ணெய் என்றால் எண்ணெய்தான். எடுத்து ஊற்றினேன். முதல் தடவை நல்ல எண்ணத்தோடு செய்தேன், அதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

வண்டி நகரவில்லை. மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டது. சக்கரம் தோசைக்கல் மாதிரி சுட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ரப்பர் வாஷர் எல்லாம் வேகவைத்த ஜவ்வரிசி போல உப்பியிருந்தது. கடைக்காரன் போலி எண்ணெய் கொடுத்துவிட்டான் என்று அமீர் ஜான் சண்டைக்குப் போனான். நான் பேசாமல் இருந்தேன். வண்டி படுத்துவிட்டதால் பூபதி தினமும் ஏரிக்குப் போனான். இறால் கொண்டுவந்தான். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். வீடு வீடாக இருந்தது, அம்மா.

வண்டி மறுபடி ஓடியதும் பொன்னேரிப் பேச்சும் கிளம்பியது.

“நீங்களும் வந்துருங்க அத்தை. அங்க பைப்புல நல்ல தண்ணி வருது.”

“ஏரி வருமாடி?”

“ஏரிய வச்சிக்கினு இன்னா பண்றது? கொடத்துல புடிச்சி வைக்கவா?”

பூபதியும் சேர்ந்து சிரித்தான். அன்று சாயங்காலம் ஒரு மூடி ஊற்றினேன். இரண்டாம் தடவை என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முறை வண்டி நின்றதும் அமீர் ஜான் எண்ணெயை விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டான்.

“இது பிரேக் ஆயிலே இல்ல. எவனோ இன்ஜின் ஆயில ஊத்திக்கிறான்.”

“சின்னப் பசங்க வேலையா இருக்கும்டா” என்றேன்.

“வெளாட்டு இல்ல நாயகிம்மா. வண்டி நின்னுச்சுன்னா பரவால்ல. நிக்காம இழுத்துக்கினே ஓடிச்சுன்னா சூட்டுல ஆயில் கொதிச்சிரும். அப்பால மிதிச்சா காலு அடி வரைக்கும் போவும், பிரேக்கு இருக்காது. ஆளு காலி.”

நான் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். அவன் எதையும் பொறுமையாகப் புரியவைப்பான். ரப்பர் அத்தனையும் புதிதாகப் போட்டு, கழுவிச் சுத்தம் செய்து கொடுத்தான். அதனால்தான் சொல்கிறேன், அவன் பேரில் தப்பு இல்லை.

பாடு சீட்டு எடுக்கிற நாள் நெருங்கியது. அதே நாளில்தான் பொன்னேரி வீட்டுக்காரரும் வரச் சொல்லியிருந்தார். சீட்டு வேண்டாம், வீட்டைப் பேசி முடிக்கப் போகிறேன் என்று முந்தின நாள் சொன்னான் பூபதி. நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இந்திராணிக்கு மனம் இளகிவிட்டது. “அழாதீங்க அத்தை. அவரு சீட்டு எடுக்கட்டும். நான் ஓட்டிக்கினு போய் பேசிட்டு வரேன்” என்றாள். கல்லறை ரோட்டில் ஓட்டிப் பழகியிருந்தாள்.

அதைக் கேட்ட பிறகு, அந்தச் சாயங்காலமே ஊற்றினேன். மூடியால் அளக்கவில்லை. வண்டி போன முறைகளைப் போல வாசலிலேயே நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். விடிந்ததும் அது கிளம்பியது. கொஞ்சம் இழுத்தது, ஆனால் கிளம்பியது. இந்திராணி கண்ணாடியை இறக்கினாள்.

“அத்தை, வண்டி கனமா போற மாரி இருக்குதே.”

“புதுசா ஓட்டறவங்களுக்கு அப்டித்தான் இருக்கும். போய்ட்டு வாம்மா.”

அப்படித்தான் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

திருப்பாலைவனம் தாண்டி மதகு வளைவில் வண்டி வாய்க்காலில் கவிழ்ந்துகிடந்தது. பிரேக் பிடித்த தடமே ரோட்டில் இல்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்களாம். இருக்காது. செய்தி வந்த நேரத்தில் பூபதி கையில் சீட்டு இருந்தது. முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடம், நல்ல இடம். எங்கள் வீட்டுக்கு அது இதுவரை விழுந்ததே இல்லை.

காரியம் முடிந்ததும் ஊர்ப் பெரியவர் தேசப்பன் வந்தார். அவர் சொன்னார்: “வருத்தமாத்தான் இருக்குது அக்கா. ஆனா பொண்டாட்டியோட குடும்பம் நடத்தறவனுக்குத்தான பாடு. ஊரு கட்டு உனக்குத் தெரியாததா? மறுபடி ஒண்ணக் கட்டிக்கட்டும், பேர ஏத்திடறோம்.”

எனக்கு அது தெரியாமல் இல்லை அம்மா. இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தானே. அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

பூபதி இப்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடக்கிறான். என்னோடு பேசுவதில்லை. துக்கம், ஆறிவிடும். என்னைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறீர்கள், போகலாம், மறுக்கவில்லை. அடுத்த சீட்டு வரைக்கும் மட்டும் தவணை கொடுங்கள். சுண்ணாம்புக்குளத்தில் ஒரு பெண் இருக்கிறாளாம், அதிர்ந்து பேசாதவள், ஊர் எல்லை தாண்டிப் போய் அறியாதவள். அவளை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் போதும். அதற்கப்புறமும் கொஞ்ச நாள் நான் கூட இருந்தால் அவளுக்குத்தான் நல்லது. மருமகளை என்னைப் போலப் பார்த்துக்கொள்கிறவள் இந்தக் கரையில் யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.