வேலிக்குள் அடித்த பந்து

மலாயாவில் அவசரகாலம். சுங்கைப் பட்டாணியிலிருந்து கோலா கெத்திலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸை வழியில் நிறுத்தி, காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் அரிசி இருக்கிறதா என்று சிப்பாய்கள் பைகளைக் கிளறினார்கள். இறங்கி வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் இருவர், கிரிக்கெட் தோற்றுவிட்டு வந்த ஒரே தோட்டத்துக்காரர்கள்.

“முனியாண்டிக்குத் தூக்கி அடிக்கிற கை பொறவியிலயே இல்லண்ணே.”

“யாரு சொன்னா? முன்னெல்லாம் அவன் அடிச்சா பந்து ரப்பர் மரத்துக்கு மேல போவும்லா.”

“அப்ப ஆபீஸ் கிராணிதான் தரையிலயே அடிக்கச் சொல்லிக்குடுத்துக் கெடுத்துட்டாரா?”

“கிராணி என்னத்தச் சொல்லிக்குடுத்தாரு? நாம குடியிருக்குற லயத்தச் சுத்தி முள்ளுவேலி போட்டாங்கல்ல, அதுதான் சொல்லிக்குடுத்துச்சு. சாயங்காலம் வேலிக் கேட்ட மூடுனப்புறம்தான் வெளையாட்டே. பந்து வேலியத் தாண்டுனா யாரு போறது? ஆமிக்காரன் சுட்டுப்புடுவான். நம்மகிட்ட இருந்தது ஒரே பந்து.”

“இன்னிக்கித் திடல்ல ஏது வேலி? கடைசிப் பந்து, ஒரு சிக்சர் போதும். தூக்கி அடிடான்னு தொண்ட கிழியக் கத்துனேனே!”

இருவரில் பெரியவர் பையைச் சிப்பாயிடம் திறந்து காட்டினார்.

“நானும் அவன்கிட்டக் கேட்டேன், தம்பி. ‘பந்து போயிடும்ணே’ங்கிறான்.”