பன்னிரண்டாவது நாற்காலி

இருந்தவர்கள்: ஈஜோக் ஊருக்குப் பக்கத்துத் தோட்டப் பள்ளியின் தலைமையாசிரியர் உடையப்பன், ஒன்றாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியை புனிதவதி. பிற்பகல் மூன்று மணி. பிள்ளைகள் எல்லாரும் வேனில் போய்விட்டார்கள்.

— என்ன டீச்சர் இது! வெளிச்சம் வர்ற ஜன்னல மறைச்சா அலமாரிய வைப்பாங்க?

— இந்தப் பக்கம் ரெண்டு ஜன்னல் இருக்கே, சார். போதும்லா.

— திங்கக்கெழம கல்வி இலாகாவுலேருந்து வர்றாங்க. வகுப்பறை எப்படியிருக்குன்னுதான் மொதல்ல பாப்பாங்க.

— பாக்கட்டுமே. மேசையெல்லாம் வட்டமாப் போட்டாச்சு. பலகைய ஒரு அடி எறக்கியாச்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் முழங்கால அளந்து நாற்காலிக் கால அறுத்துட்டேன்.

— அறுத்தீங்களா? அரசாங்கச் சொத்து, டீச்சர்!

— கால் தொங்கிட்டே இருந்தா பிள்ள எப்படி எழுதும்? உங்களுதையும் கொண்டாங்க, அறுத்துத் தரேன்.

— வாய்க்கொழுப்பு... எத்தன அறுத்தீங்க?

— பன்னெண்டு.

— ...பதினொன்னுதானே இருக்கணும்?

— பதிவேட்டுல பன்னெண்டு பேரு. ஒரு பேரு கொறஞ்சாலும் பள்ளிய மூடிருவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?

— அது... அம்சவள்ளி லீவு. நீண்ட லீவு.

— லீவா? தெனம் வருதே, சார்.

— வெளையாடாதீங்க.

— வேன் போனப்புறம் வரும். அதிகம் பேசாது. பதிவேட்டுல அப்பா பேரு காலியா இருக்கே, யாரு உங்கப்பான்னு கேட்டா சிரிக்கும். ஒன்னு சார்... ஏழு வயசுன்னு போட்டிருக்கு. முழங்கால் ஒம்பது அங்குலம்தான். மூனு வயசுப் பிள்ள அளவு.

— ...அதோட நாற்காலி எது?

— அலமாரி ஓரத்துல. தரைய மிதிச்சிராதீங்க, வழுக்கும். மழையே இல்ல, காலு மட்டும் ஈரமா வருது. எத்தன தடவ தொடைக்கிறது?

— அந்த ஜன்னல மறைக்கச் சொன்னது...

— அதுதான். வாய்க்கால் தெரியுதாம், பயமா இருக்காம். திங்கக்கெழம காலையிலயே வந்து உக்காருன்னு சொன்னேன். சரின்னுருச்சு. சார்? என்ன சார், அந்தக் குட்டி நாற்காலியில போய் உக்காந்துட்டீங்க?

— எப்ப வரும்?

— இந்த நேரந்தான்.

— நீங்க வெளிய போங்க. கதவப் பூட்டுங்க.

— உங்கள உள்ள வச்சா?

— பூட்டுங்கன்னு சொல்றேன்ல!

— சரி, சரி... பூட்டிட்டேன். சார், அந்தப் பிள்ள யாரு?

— என் மக. வாய்க்கால்ல விழுந்து நாலு வருசமாச்சு. உடம்பு கெடைக்கல, செத்துட்டான்னு நான் எழுதிக் குடுக்கல. பொறப்புப் பத்திரம் இருந்துச்சு, பதிவேட்டுல ஒரு பேரு கொறஞ்சுது, என் பேர மட்டும் விட்டுட்டு எழுதிட்டேன். அன்னிக்கி போன் வந்துச்சுன்னு வாய்க்கால் ஓரத்துல தனியா விட்டுட்டு நகந்தேன்... சாவியக் கையோட எடுத்துட்டுப் போயிடுங்க, டீச்சர்.