மூப்பர் இன்னாசிமுத்துவும் நான் எழுதிய விதியும்

அவைத்தலைமை ஏற்றிருக்கும் மூப்பர் ஆரோக்கியநாதன் அவர்களே! வெடித்துக் கிடக்கும் வயல்களை விட்டுவிட்டு மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் உழவர் பெருமக்களே, அவர்களை நடத்தி வந்திருக்கும் பேயாண்டி அவர்களே! விளாங்குடி அமைதித் திருச்சபையின் உடன்பிறப்புகளே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மூப்பர் இன்னாசிமுத்துவின் துணைவியார், அம்மா அற்புதமேரி அவர்களே! திண்டுக்கல் சாலையில், இந்த மண்டபத்துக்கு எதிரே ஊர்தியை நிறுத்தி, நாம் பேசுவதைக் குறித்துக்கொண்டிருக்கும் காவல்துறை அன்பர்களே! உங்களுக்கும் என் வணக்கம். உரக்கவே பேசுகிறேன். ஒரு சொல்லும் விடுபடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினொரு நாள்களுக்கு முன், மேலூர்ச் சாலை வாய்க்கால் மதகின்மேல், எங்கள் திருச்சபையின் மூப்பர் இன்னாசிமுத்து சுட்டுக் கொல்லப்பட்டார். தண்ணீர் கேட்டு மறியல் செய்த உழவர்களுக்கும், துப்பாக்கி ஏந்திய காவலர்களுக்கும் நடுவில் வெறுங்கையோடு நின்றார். நின்ற இடத்திலேயே விழுந்தார். நாளை மறுநாள், வியாழக்கிழமை, அதே மதகில் உழவர்கள் மீண்டும் கூடுகிறார்கள். அதே காவலர் அணிக்கு மீண்டும் ஆணை போயிருக்கிறது. அந்த அணியில் என் மகன் இளவழுதி இருக்கிறான். இதைச் சொல்லாமல் எந்தப் புகழுரையைத் தொடங்கினாலும் அது பொய்யுரை!

யார் இந்த இன்னாசிமுத்து? இருபத்தைந்து வயதில் காவலர் உடுப்பு அணிந்தவர். ஆலை வேலைநிறுத்தம் ஒன்றில், ஆணைக்குக் கட்டுப்பட்டு ஒரு தொழிலாளியின் தோளில் தடியால் அடித்தவர். அடிபட்டவன் கத்தவில்லை, திரும்பி முகத்தைப் பார்த்தான். அவ்வளவுதான். மறுநாள் உடுப்பை மடித்துக் கொடுத்துவிட்டு வெளியேறினார். அதன்பின் முப்பத்தாறு ஆண்டுகள் கிணற்றுமேட்டில் நீர் இறைக்கும் பொறிகளைப் பழுது பார்த்தே வாழ்ந்தார். மேலூர் முதல் விளாங்குடி வரை அவர் கை படாத பொறி எது? அவர் இறங்காத கிணறு எது?

எங்கள் திருச்சபை சிறியது. தொண்ணூறு பேர். உழவர் பெருமக்களுக்காகச் சுருங்கச் சொல்கிறேன். நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவில் சிலர், அறிந்து ஏற்பவர்க்கே திருமுழுக்கு, அறியாக் குழந்தைக்கு அன்று என்றார்கள். அவர்களுள் பலர் வாள் ஏந்தோம், கடவுள்மேல் ஆணையிட்டுச் சொல்லோம் என்றார்கள். அரசர்கள் அவர்களை எரித்தார்கள். ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். அந்த வழியில் வந்தவர்கள் நாங்கள். படையிலோ காவல்துறையிலோ பணி செய்பவர் எங்கள் கூட்டத்துக்கு வரலாம், பாடலாம், மன்றாடலாம். அப்பம் பகிர்ந்துண்ணும் திருவிருந்தில் மட்டும் அவருக்கு இடமில்லை. இதுவே எங்கள் பழைய விதி.

கடுமையான விதி என்கிறீர்களா? ஆம், கடுமைதான். ஆனால், அந்தக் கடுமையை மூப்பர் எப்படிக் கையாண்டார்? இதோ அமர்ந்திருக்கும் சங்கிலி அவர்களைக் கேளுங்கள். நான்கு ஆண்டுகள் காவலராக இருந்துகொண்டே எங்கள் கூட்டத்துக்கு வந்தவர். திருவிருந்து தொடங்கியதும் எழுந்து வெளியே போய்ப் பூவரச மரத்தடியில் நிற்பார். முதல் முறையே மூப்பரும் எழுந்து பின்னால் போனார்.

“நீங்க ஏண்ணே வெளிய வாரீக? உங்களுக்கென்ன தடை?” என்றார் சங்கிலி.

“தடை உனக்குத்தான்டா மாப்ள. உன்னயத் தனியா நிக்கவைக்கச் சொல்லி எந்த விதியில இருக்கு? நகந்து உக்காரு. அம்புட்டு நெழலும் உனக்கேவா?”

நான்கு ஆண்டுகள்! நான்கு ஆண்டுகள் அவரும் அப்பம் உண்ணவில்லை! விதியையும் விடவில்லை; மனிதனையும் விடவில்லை. சங்கிலி தாமாகவே பணியை விட்டு வந்து திருமுழுக்குப் பெற்ற அன்றுதான் இருவரும் ஒரே பலகையில் அமர்ந்து உண்டார்கள்.

அந்த விதியை உடைத்தது யார்? நான்! இந்த நாக்கு!

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் இளைஞர் மூவர் காவலர் தேர்வில் வென்றார்கள். அவர்களுள் ஒருவன் என் மகன். மூவரையும் விலக்குவதா என்று திருச்சபை கூடியது. மூப்பர் எழுந்து நான்கு சொற்றொடர் பேசி அமர்ந்தார். நான் ஒன்றரை மணி நேரம் பேசினேன். திருடனைப் பிடிப்பது தீமையா? குழந்தைக்குச் சாலை கடக்க வழிவிடுவது வன்முறையா? அறங்காக்க ஒரு நல்லவன் உள்ளே போகக் கூடாதா? என்றேன். கைதட்டல் ஓயவில்லை. பிறகு, என் பெருமைக்கு முடிசூட்ட, ஒரு புது விதியை நானே எழுதினேன்: நம்மவர் காவலர் ஆகலாம், துப்பாக்கி மட்டும் ஏந்தலாகாது. சேரும் நாளிலேயே இதனைத் துறைக்கு மடலாக எழுதித் தர வேண்டும். அறுபத்திரண்டு கைகள் உயர்ந்தன. உலகில் எந்தக் காவல்துறையாவது இந்த மடலை மதிக்குமா என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை! அமைதியை மட்டுமே அறிந்த கூட்டம் செய்யும் பிழை அது.

கூட்டம் கலைந்ததும் மூப்பர் என் தோளில் கை வைத்தார்.

“வாத்தியாரே, நல்லாப் பேசுனீக. எனக்கே கை தட்டணும்போல இருந்துச்சு. ஆனா, உடுப்பு போட்டவன் நான். அங்க கடுதாசியப் படிக்க மாட்டாக. சுடுன்னு சொன்னா சுடணும்.”

நான் சிரித்தேன். ஐயோ, சிரித்தேன்!

பயிற்சிக்குப் போன முதல் வாரத்தில் அந்த மடலை மேலதிகாரியிடம் நீட்டியிருக்கிறான் என் மகன். அவர் அதை உரக்கப் படித்து, அணி முழுவதையும் சிரிக்க வைத்திருக்கிறார். “துப்பாக்கி தொட மாட்டீகளோ? அப்பப் பூச்செண்டு வாங்கித் தரவா சாமி? ஏலே, இவனுக்கு ஆயுத அணியிலயே எடம் போடு!” போட்டார்கள். என் மகன் வீட்டுக்கு வந்து சொன்னான். “கொஞ்ச நாள் பொறு, மாற்றல் கேட்போம்” என்று அறிவுரை சொன்னவனும் நானே.

அந்த வெள்ளிக்கிழமை நடந்ததைப் பேயாண்டி அவர்கள் நேரில் கண்டார்கள். அவர்கள் சொன்னதையே சொல்கிறேன். ஒருபுறம் முந்நூறு உழவர். மறுபுறம் பன்னிரண்டு துப்பாக்கி. எங்கிருந்தோ ஒரு கல் பறந்தது. அடுத்த கிணற்றில் பொறியைச் சரிசெய்துகொண்டிருந்த மூப்பர், கையில் எண்ணெய்க் கறையோடு மதகின்மேல் ஏறி நின்றார். “அண்ணே, எறங்குங்க, இவிங்க சுட்டுப்புடுவாங்க!” என்று கத்தினார் பேயாண்டி. அவர் திரும்பவில்லை. எதிர் வரிசையில் என் மகனைப் பார்த்தார். பார்த்து, வீட்டு வாசலில் நின்று கேட்பதைப்போலக் கேட்டார்:

“என்னப்பா வழுதி, முகம் வாடிக் கெடக்கு. காலைல சாப்ட்டியா?”

ஆணை பிறந்தது. மூன்று துப்பாக்கிகள் வெடித்தன.

எந்த மூன்று? தெரியாது. என் மகன் வீடு வந்தான். சுவரைப் பார்த்துப் படுத்தான். அவன் அம்மா கேட்டாள். “அம்மா, கேக்காதீக” என்றான். பதினொரு நாளாக எங்கள் வீட்டில் அந்த ஒரு சொற்றொடர்தான் பேச்சு. அடுப்பு எரிகிறது, விளக்கு எரிகிறது, ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

அடக்கத்தன்று சிலர் அம்மா அற்புதமேரியிடம், “சுட்டது யாருன்னு கேட்டு வழக்குப் போடுவோம்” என்றார்கள். அந்தத் தாய் என்ன சொன்னார்கள்? “தெரிஞ்சு நான் என்ன செய்யப் போறேன்? நாளைக்கு அவன் ஆத்தாவக் கடைத்தெருவுல பாத்தா நான் பேச வேணாமா?” என்றார்கள். என் மனைவி அப்போது அவர்கள் பக்கத்தில்தான் நின்றாள். மண்ணைப் பார்த்தபடியே நின்றாள்.

அன்பர்களே! வானம் இருண்டு வருகிறது. ஆனால் மழைக்கு அன்று. வாய்க்கால் இன்னும் வறண்டுதான் கிடக்கிறது. உழவர்களின் சினம் ஆறவில்லை. மதகின் இருபுறமும் மணல் மூட்டைகள் அடுக்கப்படுவதாக இன்று காலை செய்தி வந்தது. சென்ற முறை மணல் மூட்டை இல்லை. இந்த முறை யாருக்காக அடுக்குகிறார்கள்? உழவர் வீட்டு இளைஞர்களே, உங்களில் சிலர் கல் சேர்ப்பதை நான் அறிவேன். உங்கள் சினம் நேர்மையானது. ஆனால், பறந்த ஒரு கல்லுக்கு மறுமொழியாக மூப்பரின் உடல் நமக்குக் கிடைத்தது. இன்னொரு கல்லுக்கு எத்தனை உடல் கேட்கிறீர்கள்?

புகழ்ந்து பேசிவிட்டுப் போவது எளிது. மூப்பர் இன்னாசிமுத்துவுக்குப் படம் திறக்கலாம், பாட்டு எழுதலாம். அவர் பணியைத் தொடர்வது எப்படி? மூன்று செய்திகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். முதலாவது, துப்பாக்கி ஏந்தாக் காவலர் என்று நான் எழுதிய விதியை, எழுதிய கையாலேயே நீக்கக் கேட்டு, தலைவரிடம் தாள் கொடுத்துவிட்டேன். இரண்டாவது, பழைய விதி மீள வேண்டும். அது மீண்டால் திருவிருந்தை விட்டு வெளியேற வேண்டியவர்களில் முதல்வன் என் மகன். அவன் வெளியேறும் நாளெல்லாம் நானும் வெளியேறி அவன் பக்கத்தில் இருப்பேன்.

மூன்றாவது, வியாழன். காலை எட்டு மணிக்கு நான் மேலூர்ப் பேருந்தில் ஏறுகிறேன். மதகின்மேல், உழவர்க்கும் துப்பாக்கிக்கும் நடுவில் நிற்பேன். பேச மாட்டேன். என் பேச்சு செய்த வேலை போதும். வெறுங்கையோடு வரத் துணிந்தவர் யாராயினும் என்னோடு வரலாம். கல்லோடு வருபவர் வர வேண்டாம்.

இளவழுதி! மண்டபத்தின் பின்கதவருகே, உடுப்பில்லாமல் நீ நிற்பதைப் பேசத் தொடங்கும்போதே பார்த்தேன். அந்த மூன்றில் ஒன்று உன்னுடையதா என்று நான் கேட்கவில்லை. என்றைக்கும் கேட்க மாட்டேன். நான் எங்கே நிற்பேன் என்பதை மட்டும் சொல்லிவிட்டேன். நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்பது எனக்குத் தெரியாது. இன்று செவ்வாய். உடுப்பை மடித்துக் கொடுக்க உனக்கு நாளை ஒரு நாள் இருக்கிறது, மகனே.