நிரம்பாத டேங்க்

தாம்பரத்திலிருந்து வண்டலூர் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். பக்கத்துப் பக்கத்து வீடு என்று பேச்சிலேயே தெரிந்தது. ஜன்னலோரம் இருந்தவர், வயதில் மூத்தவர், ஆரம்பித்தார்.

"ஷீலா, எங்க செப்டிக் டேங்க்குள்ள சிலந்தி வலை கட்டியிருக்கு."

"டேங்க்லயா? எப்படிக்கா?"

"மாடி பாத்ரூமுக்குப் புது பைப் போட நேத்து மூடியைத் திறந்தாங்க. உள்ள சொட்டு ஈரம் இல்ல."

"டேங்க்கை க்ளீன் பண்ண லாரியே கூப்பிட்டதில்லன்னு பெருமையா சொல்வீங்களே."

"தெருவுக்கே சொன்னேன். எங்க டேங்க் நிரம்பவே நிரம்பாதுன்னு."

"அப்ப டாய்லெட் பைப் எங்கக்கா போச்சு?"

"தோண்டிப் பார்த்தோம். வீடு கட்டினப்பவே மேஸ்திரி அதை மழைத்தண்ணியைப் பூமிக்குள்ள இறக்குற தொட்டியில கொண்டுபோய்ச் சேர்த்துட்டான்."

"உங்க போர்வெல் பக்கத்துல இருக்கே, அந்தத் தொட்டியா?"

"அதேதான்."

ஷீலா அவர் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"எங்க போர் வத்தினதுலேர்ந்து உங்க தண்ணியைத்தான் குடிக்கிறோம். நேத்தே தெரியுமே உங்களுக்கு. காலையில நான் குடத்தோட வந்தப்ப ஏன்க்கா சொல்லல?"

"எப்படிடி சொல்றது? உன் மாமியாரும் கூட நின்னாங்களே."